பாக்ஸிங் ட்ரெய்னர் பிரெண்டன் இங்கிள் பத்தி: அவர் ஜிம் பக்கம் போனவங்க, அவர் பசங்க ஃபைட் பாத்தவங்க உங்க அனுபவத்த எழுதுங்க

சவுத்பா ரசிகன்:

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயம் இது. பாக்ஸிங் பேச ஆரம்பிச்சா எல்லாரும் உலக சாம்பியன் நசீம் ஹமீதுக்கு வந்துடுறாங்க, சிறுத்தைத்தோல் டிசைன் ட்ரங்க்ஸ், கயித்துக்கு மேல குட்டிக்கரணம், அந்த இடது கை. ஆனா அந்த ஆள ஏழு வயசுல இருந்து வளத்தவர பத்தி ரெண்டு வரிக்கு மேல யாரும் எழுதி நான் பாத்ததில்ல.

பிரெண்டன் இங்கிள் 1940ல டப்ளின்ல பொறந்தவர். குடும்பத்துல ஏகப்பட்ட பிள்ளைங்க, அண்ணன் ஜிம்மி 1939லயே அமெச்சூர்ல ஐரோப்பிய சாம்பியன், அப்ப வீட்டுலயே குத்துச்சண்டை இருந்துச்சு. 18 வயசுல வேல தேடி இங்கிலாந்துல ஷெஃபீல்டு வந்து ஸ்டீல் ஃபேக்டரில வேல பாத்துக்கிட்டே ப்ரோ ஆனவர். மிடில்வெயிட். மொத்தம் 33 ஃபைட், 19 ஜெயிச்சாரு, 14 தோத்தாரு. பெருசா டைட்டில் எதுவும் கெடையாது.

இந்த 19-14 நம்பர பாத்துட்டு நிறைய பேர் "சுமாரான பாக்ஸர், ஆனா நல்ல ட்ரெய்னர்"னு ஒரே வரில முடிச்சுடுறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அந்த "ஆனா"வே தப்பு. 14 தடவ தோத்தவனுக்குத்தான் குத்து வாங்குறதுன்னா என்னன்னு தெரியும், அப்புறம் 40 வருஷத்துக்கு மேல அவர் சொல்லிக்கொடுத்த மொத்த பாக்ஸிங்குமே ஒரே விஷயத்த சுத்தித்தான் இருந்துச்சு, அதாவது குத்து வாங்காத. அடிக்கிறது ரெண்டாவது. மொதல்ல அடி உன்மேல படக்கூடாது.

ஷெஃபீல்டுல வின்கோபேங்க்னு ஒரு மேட்டுப் பகுதி, அங்க செயின்ட் தாமஸ் சர்ச்சோட பழைய ஹால், அதுதான் ஜிம். ஆரம்பத்துல அந்த ஏரியா பசங்க சும்மா சுத்தி வம்பு வளக்காம இருக்கட்டும்னு சர்ச் தரப்புல கேட்டுத்தான் அவர் இறங்குனாரு. அது அப்படியே நாலு உலக சாம்பியன்ல போய் நின்னுச்சு: ஹமீத், ஜானி நெல்சன், ஜூனியர் விட்டர், கெல் புரூக். 1998ல பிரிட்டிஷ் அரசோட எம்பிஇ விருது குடுத்தாங்க. 2018 மே 25ல, 77 வயசுல தவறிட்டாரு.

யாராவது அந்த ஜிம் பக்கம் போயிருக்கீங்களா? இல்ல அவர் பசங்க ஃபைட்ட நேர்ல பாத்திருக்கீங்களா? கேள்விப்பட்டதா இருந்தாலும் பரவால்ல, எழுதுங்க.

மேடோஹால் நைட்ஷிஃப்ட்:

நான் மாஸ்டர்ஸ் படிக்க ஷெஃபீல்டு வந்து, படிக்கும்போது பார்ட் டைமா மேடோஹால் மால்ல ஸ்டாக் அடுக்குற வேல பாத்தேன், அங்க இருந்து வின்கோபேங்க் பக்கம்தான் ரூம். ஊர் பத்தி தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன், இந்த மால் நிக்கிற இடமே முன்னாடி ஹாட்ஃபீல்ட்ஸ்ங்குற பெரிய ஸ்டீல் ஃபேக்டரி. 80கள் ஆரம்பத்துல ஃபேக்டரி எல்லாம் வரிசையா மூடி, அந்தப் பக்கம் தெருத்தெருவா ஆம்பளைங்க வேல இல்லாம நின்னாங்க, 1990ல மால் தொறந்தாங்க. இங்கிள் ஜிம்முல பசங்க குமிஞ்ச காலம் கரெக்டா அந்த நடுவுல வருது. அத விட்டுட்டு இந்த ஜிம்ம புரிஞ்சுக்கவே முடியாது.

என்கூட வேல பாத்தவர் ஒருத்தர், அப்பவே அவருக்கு நாப்பது தாண்டிருச்சு, சின்ன வயசுல அந்த ஜிம்முல இருந்தவரு. ப்ரோ எல்லாம் ஆகல, அமெச்சூரே ஒழுங்கா ஆடலன்னு அவரே சொல்வாரு. ஆனா ராத்திரி ஷிஃப்டுல ட்ராலி தள்ளிக்கிட்டே கால் மட்டும் ஒரு மாதிரி போகும், ஒரு பெட்டிய சுத்தி வரணும்னா திரும்ப மாட்டாரு, சைடு ஸ்டெப் வச்சு இன்னொரு கால இழுப்பாரு. கேட்டா "கோடு"ன்னு சொன்னாரு.

அந்த ஹால் தரையில பெயின்ட்ல கோடு போட்டிருக்கும். போன உடனே பேகு குத்தறது, பேடு அடிக்கிறது எல்லாம் கெடையாது, அந்தக் கோட்டு மேல முன்ன பின்ன நடக்கணும், ஒரு ஸ்டெப் வச்சு இடது, ஒரு ஸ்டெப் வச்சு வலது, திரும்பி வரும்போது ஸ்டான்ஸ மாத்தி சவுத்பாவா, அதாவது இடது கைக்காரன் மாதிரி நின்னு வரணும். வாரக்கணக்குல இதேதான். யாரும் உக்கார வச்சு பாடம் எடுக்க மாட்டாங்க, முன்னாடி போற பெரிய பையன் கால பாத்து பின்னாடி போறவன் கத்துக்குவான், அந்தப் பெரிய பையன் ஒரு பிரிட்டிஷ் சாம்பியனா கூட இருப்பான். ஸ்பாரிங்கும் அப்படித்தான், பெரும்பாலும் உடம்புல மட்டும்தான் குத்து, தலைல கெடையாது. அதனால பத்து வயசுப் பையனும் ப்ரோவும் ஒரே ரிங்ல நிக்கலாம், பொண்ணு, வயசானவரு, இன்னைக்குத்தான் மொத நாள் வந்தவன் எல்லாரும் மாறி மாறி. ஹமீத் சின்னப் பையனா இருந்தப்ப அதே ஜிம்மோட பெரிய பாக்ஸர் ஹெரால் கிரஹாம பாத்து பாத்தே அந்த உடம்பு வளைவ புடிச்சாருன்னு இவர் சொல்வாரு, அந்த ஊர்ல எல்லாரும் அதத்தான் சொல்வாங்க.

இன்னொன்னு சொன்னாரு, அதுதான் எனக்கு ரொம்ப மனசுல நின்னது. புதுசா வர்ற பையன ரிங் நடுவுல ஏத்தி எல்லார் முன்னாடியும் ஒரு பாட்டு பாடச் சொல்வாங்களாம், நர்சரி ரைம் கூட போதும். இவர் பாட மாட்டேன்னு அழுதுட்டு எறங்கிட்டாராம், அடுத்த வாரம் திரும்பப் போயி பாடிட்டு வந்தாராம். கூட்டத்துக்கு முன்னாடி கூச்சப்படுறவன் அடி விழும்போது ஒறஞ்சு போயிடுவான், கூச்சத்த மொதல்ல எடு, அதுக்கு அப்புறம் பாக்ஸிங், இதுதான் அங்க கணக்கு. எனக்கு வைவா எல்லாம் வந்தப்ப அவர் இத சொல்லித்தான் அனுப்புனாரு, தலைய ஆட்டிட்டு போனேன், உள்ள போயி நல்லாவே பேசுனேன்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:

நல்ல விசயம் துவங்கியிருக்கிறியள் தம்பி. நான் லண்டனுக்கு வந்தது 94 கடைசியில, ஈஸ்ட்ஹாமில ஒரு வீட்டில எங்கட பொடியள் கனபேர் சேந்து இருந்தனாங்கள். அந்த நேரம் எங்களுக்கு இங்கிலீஷும் பெரிசா வராது, வேலை பெட்ரோல் ஸ்டேசனும் ரெஸ்டோரண்டும்தான். சனிக்கிழமை இரவு குத்துச்சண்டை எண்டா எல்லாரும் ஒண்டா இருந்து பாப்பம்.

95 செப்டெம்பர் 30, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில ஹமீத் ஸ்டீவ் ராபின்சனோட மோதினது. ராபின்சன் அந்த ஊர்க்காரன், வேல்ஸ் சனம் முழுக்க ஹமீதுக்கு எதிரா கத்துது, இவன் 21 வயசுப் பொடியன், யேமன்காரற்ற மகன், தாய் தேப்பன் ஷெஃபீல்டில ஒரு மூலைக்கடை வச்சிருந்தவை. எங்கட வீட்டில எல்லாரும் அவன்ர பக்கம்தான். ஏனெண்டு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, எங்களை மாதிரி நிறத்தில ஒருத்தன் அவ்வளவு சனத்துக்கு முன்னால கையைக் கீழ விட்டிட்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறான், அதைக் காணவே எங்களுக்கு ஒரு தெம்பு வரும். எட்டாம் ரவுண்டில சண்டையை நிப்பாட்டி டபிள்யூபிஓ எண்ட அமைப்பின்ர ஃபெதர்வெயிட் உலகப் பட்டம் அவனுக்கு.

ஆனா நான் சொல்ல வந்தது அவனைப் பற்றி இல்லை, மூலையில நிண்ட நரைச்ச மனிசன் இங்கிளைப் பற்றி. மற்ற ட்ரெய்னர்மார் ரவுண்டுக்கு நடுவில கத்துவினம், இவர் அமைதியாக் கதைச்சுக்கொண்டு நிப்பார். பிறகு அவர் பேட்டியளில சொன்ன கதையைக் கேட்டனான், பஸ்ஸில போகேக்குள்ள பள்ளிக்கூட வளவுக்குள்ள ஒரு சின்னப் பொடியன் தன்னை விடப் பெரிய பொடியங்களோட தனிய மல்லுக்கட்டிறதைக் கண்டவராம், ஒருத்தற்ற கையிலையும் அம்பிடாமல் வளைஞ்சு வளைஞ்சு அடிக்கிறானாம். அந்தப் பொடியன்தான் நசீம். கதை சொல்லச் சொல்ல பெரிசானதோ தெரியாது, எனக்கு அது பிரச்சினை இல்லை, ஏழு வயசில எடுத்து 24 வயசு மட்டும் கூட நிண்டது உண்மை.

98 ஒக்டோபரில அட்லாண்டிக் சிற்றியில வெய்ன் மக்கல்லாவோட நடந்த சண்டைக்குப் பிறகு ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டினம். காசுப் பங்கு, மற்ற மனத்தாங்கல், ஆரில பிழை எண்டு நான் சொல்லப் போறதில்லை. அதுக்குப் பிறகு இமானுவல் ஸ்டீவர்ட் மாதிரிப் பெரிய ட்ரெய்னர்மார் வந்தவை. அடுத்த வருசம் மான்செஸ்டரில இன்னொரு இங்கிளோட, போல் இங்கிள், சொந்தம் ஒண்டும் இல்லை, பதினொராம் ரவுண்டு மட்டும் இழுபட்டு வெண்டவன். 2001 ஏப்ரலில லாஸ் வேகஸில பரேரா பாடம் படிப்பிச்சு விட்டவர். அண்டைக்கு பன்னிரண்டு ரவுண்டும் நான் ஹமீதின்ர காலைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். கோட்டில நடந்த கால் அங்க இல்லை. பாய்ஞ்சு ஒரு அடி, பிறகு நிண்டு வாங்கிறது, திரும்பப் பாய்ச்சல். வின்கோபேங்கில படிச்சது வயசோட போகேல்லை, பழகாமல் விட்டதால போனது, இது என்ர எண்ணம்.

இங்கிள் சாகும் வரைக்கும் ரெண்டு பேரும் சமாதானம் ஆகேல்லை. அது எனக்கு இண்டைக்கும் மனவருத்தம்.

கார்ட் மேல:

கொஞ்சம் எதிர்க்கருத்து வைக்கிறேன், கோச்சுக்காதீங்க. நான் காலேஜ் டைம்ல ஸ்டேட் லெவல் வரைக்கும் அமெச்சூர் ஆடுனவன், எங்க கோச் கை ரெண்டு இஞ்ச் கீழ வந்தாலே திட்டுவாரு, முழங்கை விலாவ ஒட்டியே இருக்கணும். இங்கிள் ஸ்டைல்ல கை தொடைக்குப் பக்கத்துல தொங்கும், தலை மட்டும் ஆடும். ரிஃப்ளெக்ஸ் கடவுள் குடுத்த வரமா இருக்கறவனுக்கு இது ஓகே, எல்லாருக்கும் இத சொல்லிக்குடுத்தா ஆபத்து. ஹெரால் கிரஹாமுக்கு நடந்தது என்ன? ஜூலியன் ஜாக்சன் ஒரே குத்து. அத பாத்தவன் எவனும் கை கீழ விட மாட்டான்.

சவுத்பா ரசிகன்:

நியாயமான கேள்வி, ஆனா கிரஹாம் கதைய அந்த ஒரு குத்துல முடிச்சுடாதீங்க, எனக்கு அது தாங்கல.

ஹெரால் கிரஹாம் நாட்டிங்ஹாம் பையன், இங்கிளோட மொத பெரிய படைப்பு. பிரிட்டிஷ், காமன்வெல்த், ஐரோப்பிய டைட்டில் எல்லாம் ஜெயிச்சவரு. இங்கிள் அவர தொழிலாளிங்க க்ளப்புக்கு கூட்டிட்டுப் போவாரு, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு கிரஹாம் நிப்பாரு, யாரு வேணா வந்து மூஞ்சில குத்துங்க, பட்டா காசுன்னு சவால். பீர் குடிச்சுட்டு ஸ்டீல் மில்லு ஆளுங்க வரிசையா வருவாங்க, காத்துல குத்திட்டு போவாங்க. இது வேடிக்கைனு பாக்காதீங்க, கை இல்லாம உயிர் பொழைக்க காலும் இடுப்பும் கண்ணும் என்ன பண்ணணும்ங்குற ட்ரெயினிங் அது. கை மேல இருக்கா கீழ இருக்காங்குறது அதுக்கு அப்புறம் வர்ற கேள்வி.

1990 நவம்பர், ஸ்பெயின்ல பெனால்மாதெனா, காலியா இருந்த டபிள்யூபிசி மிடில்வெயிட் டைட்டில். மூணு ரவுண்டு ஜாக்சனால கிரஹாம தொடவே முடியல, ஜாக்சனோட ஒரு கண்ணு வீங்கி மூடிக்கிச்சு, இன்னும் ஒரு ரவுண்டுதான்னு ஃபைட்ட நிறுத்துற நெலமைல இருந்தாங்க. நாலாவது ரவுண்டுல கிரஹாம் முடிச்சுடலாம்னு உள்ள போனாரு. போனதுதான் தப்பு, கை கீழ இருந்தது இல்ல. அவருக்குப் பழக்கமே இல்லாத ஒரு வேலைய அன்னைக்கு செஞ்சாரு, ஜாக்சன் மாதிரி ஒருத்தன் கைக்கு நேரா நின்னு அடிக்கப் போனாரு. அந்த வலது கை பட்டப்ப தரைல விழறதுக்கு முன்னாடியே நினைவு போயிருச்சு. நான் அத மறுபடி மறுபடி பாத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் வயித்த பெசையுது.

அப்புறம் "எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தா ஆபத்து"ன்னு சொன்னீங்க, அதுக்கு பதில் ஜானி நெல்சன். வரம் வாங்கி வந்தவர் இல்ல அவரு. ப்ரோல மொத மூணு ஃபைட்டும் தோல்வி. 1990 ஜனவரில சொந்த ஊர் சிட்டி ஹால்ல கார்லோஸ் டி லியோன் கூட உலக டைட்டில் ஃபைட், பயந்து பயந்து ஒண்ணுமே பண்ணாம ட்ரா ஆக்குனாரு, ஊரே கூச்சல் போட்டு அசிங்கப்படுத்துச்சு. வேற ட்ரெய்னரா இருந்தா அன்னைக்கே கை கழுவி இருப்பாங்க. இங்கிள் விடல. எதிராளி ஊருக்கே போய் ஆடி ஆடி பயத்த கரைச்சுக்கிட்டு, 1999 மார்ச்ல டெர்பில கார்ல் தாம்சன ஜெயிச்சு டபிள்யூபிஓ க்ரூஸர்வெயிட் சாம்பியன். 13 தடவ டைட்டில காப்பாத்திக்கிட்டு தோக்காமலே சாம்பியனா ரிட்டயர் ஆனாரு. எனக்கு ஹமீத விட நெல்சன்தான் இங்கிளோட பெரிய சாதனை. திறமை இருக்கறவன எடுத்து மெருகேத்த நிறைய பேர் இருக்காங்க, பயந்தவன பத்து வருஷம் பொறுத்து வச்சிருக்க எத்தன பேரு?

ப்ரேமல் லேன் மேல் வரிசை:

2017 மே 27, ஷெஃபீல்டு ப்ரேமல் லேன் ஸ்டேடியம், கெல் புரூக் எர்ரல் ஸ்பென்ஸ் ஃபைட், நான் மேல கடைசி வரிசைக்குப் பக்கத்துல இருந்தேன், ரிங் தீப்பெட்டி சைஸ்லதான் தெரிஞ்சுச்சு. ஆனா ஊர் சத்தம் இருக்கே, ஃபுட்பால் கிரவுண்டு முழுக்க அவன் பேர கத்துனாங்க. புரூக் சின்ன வயசுலயே இங்கிள் ஜிம்முக்கு வந்தவன், 2014ல அமெரிக்கா போய் ஷான் போர்ட்டர ஜெயிச்சு ஐபிஎஃப் வெல்டர்வெயிட் உலக டைட்டில கொண்டாந்தவன். அன்னைக்கு கார்னர்ல பிரெண்டனோட மகன் டொமினிக்.

அதுக்கு எட்டு மாசம் முன்னாடி, 2016 செப்டம்பர்ல, ரெண்டு வெயிட் மேல ஏறி கோலோவ்கின் கூட ஆடப்போய் புரூக்குக்கு கண்ணு எலும்பு ஒடஞ்சுச்சு. அஞ்சாவது ரவுண்டுல டொமினிக் ஃபைட்ட நிறுத்தச் சொல்லி டவல வீசுனாரு. நான் அத டிவில பாத்துட்டு, பையன் இன்னும் நின்னு அடிச்சுக்கிட்டு தான இருக்கான் ஏன்யா வீசுனன்னு கத்துனவங்கள நிறைய பாத்தேன். கண்ணுக்குக் கீழ எலும்பு போயிருச்சுன்னு கார்னர்ல இருந்தவருக்கு தெரிஞ்சுது, சோபால உக்காந்தவனுக்கு தெரியல. மேல நண்பர் சொன்னாரே குத்து வாங்காதன்னு, அது வாங்குறத நிறுத்தி விடுறதுலயும் இருக்குன்னு நான் நெனைக்கிறேன், அப்பா கிட்ட இருந்து மகனுக்கு வந்தது கோடு மட்டும் இல்ல.

ப்ரேமல் லேன்ல பாதி வரைக்கும் புரூக் நல்லா ஆடுனான், அப்புறம் இன்னொரு கண்ணும் போச்சு. 11வது ரவுண்டுல அவனே முட்டி போட்டு உக்காந்தான், ரெஃபரி எண்ணி முடிச்சுட்டாரு. என்னச் சுத்தி இருந்தவங்கள்ல சில பேர் அவன கோழைன்னாங்க. எனக்கு பக்கத்துல ஒரு வயசான ஷெஃபீல்டுக்காரர், அவர் திரும்பி அந்தப் பசங்கள பாத்து சத்தம் போட்டாரு, நீ ஒரு எலும்ப ஒடச்சுக்கிட்டு ஒரு ரவுண்டு நின்னு காட்டுன்னு. அப்புறம் யாரும் பேசல.

மேடோஹால் நைட்ஷிஃப்ட்:

ப்ரேமல் லேன் நண்பர் சொன்னதுக்கு ஒண்ணு சேத்துக்கிறேன். என்கூட வேல பாத்தவர் சொல்வாரு, அங்க வந்த பசங்கள்ல ப்ரோ ஆனது ரொம்ப ரொம்பக் கொஞ்சம்தான். மிச்சப் பேரு பெயின்டர், லாரி டிரைவர், ஸ்கூல் கேர்டேக்கர்னு போயிட்டாங்க. இங்கிள் வீடும் ஜிம்முக்கு எதிர்லயே, அந்த வீட்டுக் கதவும் தொறந்தேதான் கெடக்குமாம், அவர் மனைவி அல்மா எத்தன பசங்களுக்கு சோறு போட்டாங்கன்னு கணக்கே இல்லையாம். தெருல கெடக்குற குப்பைய பொறுக்குறது கூட ட்ரெயினிங்ல சேத்தி. நான் ஒரு ஞாயித்துக்கிழமை நடந்து போய் வெளிய நின்னு பாத்தேன், அவர் தவறி கொஞ்ச நாள் ஆயிருந்துச்சு, வெளிய இருந்து பாத்தா சாதாரண ஹால்தான், உலக சாம்பியன் வந்த எடம்னு யாரும் நம்ப மாட்டாங்க.

கார்ட் மேல:

சவுத்பா ரசிகன், உங்க பதில் படிச்சுட்டு கிரஹாம் ஜாக்சன் ஃபைட்ட மறுபடி பாத்தேன். மூணு ரவுண்டும் ஜாக்சன் அடிக்கிற எடத்துல கிரஹாம் இல்லவே இல்ல, அது உண்மைதான். பசங்களுக்கு கைய மேல வைன்னு சொல்றத நான் விட மாட்டேன், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் கோடு விஷயம் புடிச்சிருக்கு, எங்க பசங்க பேடு அடிக்கிறதுலயே முக்கால் நேரத்த போக்குறாங்க, காலுக்கு நேரமே ஒதுக்குறதில்ல. கிரஹாமோட வேற எந்த ஃபைட் பாக்கணும்?

ஈஸ்ட்ஹாம் அண்ணை:

மைக் மக்கல்லம், 1989 மே, ரோயல் அல்பேட் ஹோல். கிரஹாமுக்கு ஒரு பாயிண்டை வெட்டிப்போட்டு ஸ்பிளிட் டிசிசனில, எண்டா மூண்டு நடுவரில ரெண்டு பேர் ஒரு பக்கம், மக்கல்லத்துக்குக் குடுத்தவங்கள். மக்கல்லம் சும்மா ஆள் இல்லை, அந்தக் காலத்து மிகப்பெரிய வீரன், அவனே இவனைப் பிடிக்க ஏலாமல் நிண்டவன். முதல் தரம் பாக்கேக்குள்ள முழுக்கப் பாருங்கோ, ரெண்டாந்தரம் இடுப்புக்கு மேல மறைச்சுப்போட்டு காலை மட்டும் பாருங்கோ. பாத்திட்டு வந்து எழுதுங்கோ, நீங்கள் ஆருக்கு எத்தினை ரவுண்டு குடுத்தனீங்கள் எண்டு. நான் கிரஹாமுக்குத்தான் குடுத்தனான்.